சுவர் மட்டும் போதாது, தோழர்களே!

(சேவூரில் நடந்த வாலிபர் கூட்டத்தில் நாம் ஆற்றிய உரை)



பகலெல்லாம் தறிக்குழியில் கால் வைத்து இடுப்பு மரத்துப் போனவர்களும், அரிசி ஆலையில் மூட்டை தூக்கித் தோள் காய்த்துப் போனவர்களும், கழனியில் குனிந்து நாற்று நட்டவர்களும் இந்த இரவில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுத்து வீண் பேச்சுப் பேச நாம் வரவில்லை. இந்த ஊர் வாலிபர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லவே வந்தோம்.

"உலகத்தில் எத்தனையோ ஏழை நாடுகளில் வாலிபர்கள் கூலி வாங்காமல் கிராமங்களுக்குப் போய்ப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுக்கிறார்கள், படிப்புச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். நாமும் அப்படிச் செய்ய முடியுமா? செய்தால் அது நிலைக்குமா?" என்பதுதான் அந்தக் கேள்வி.

முடியும். நிலைக்கவும் செய்யும். ஆனால் எப்படிச் செய்தவர்களுடைய வேலை நிலைத்தது, எப்படிச் செய்தவர்களுடைய வேலை பாதியில் நின்றது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் நாம் மண்வெட்டியைக் கையில் எடுக்க வேண்டும்.

1961-ல் புறப்பட்ட இரண்டு படைகள்

1961-ம் வருஷத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அந்த வருஷம் மார்ச்சு மாதம் முதல் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடி "அமைதிப் படை" என்று ஒன்றை அமைத்தார். அமெரிக்க வாலிபர்கள் ஏழை நாடுகளுக்குப் போய் இரண்டு வருஷம் தங்கி ஆசிரியர் வேலையும் மற்ற வேலைகளும் செய்வது என்பது திட்டம். ஆகஸ்டு மாதக் கடைசியில் முதல் கோஷ்டி ஆப்பிரிக்காவில் உள்ள கானாவில் போய் இறங்கியது. நம் நாட்டுக்கும் அந்த வருஷமே வந்தார்கள். 1976 வரையில் இங்கே இருந்தார்கள்.

அந்த வாலிபர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. வீட்டை விட்டு, நாட்டை விட்டு, வெயிலிலும் கொசுக்கடியிலும் கிடந்து பாடம் சொன்னவர்கள் அவர்களில் பலர் உண்டு. ஆனால் அவர்களை அனுப்பிய சர்க்கார் என்ன செய்தது? படையை அமைத்து இரண்டு மாதம் ஆவதற்குள், ஏப்ரலில், தான் ஆயுதமும் பயிற்சியும் கொடுத்த வேறொரு படையைக் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் இறக்கியது. ஒரு கையில் சிலேட்டு, மறு கையில் துப்பாக்கி. அந்தத் துப்பாக்கிப் படை மூன்றே நாளில் தோற்று ஓடியது.

அதே கியூபாவில் அதே 1961-ல் என்ன நடந்தது தெரியுமா? அந்த வருஷத்துக்கே "கல்வி ஆண்டு" என்று பெயர் வைத்தார்கள். நகரத்துப் பள்ளிகளில் படித்துக் கொண்டிருந்த பையன்களும் பெண்களும், ஒரு லட்சத்துக்கு மேல், பெற்றோர் சம்மதத்தோடு கிராமங்களுக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். பணக்காரர்கள் காற்று வாங்கிய வரதேரோ கடற்கரையில் அவர்களுக்குச் சில நாள் பயிற்சி. பிறகு ஆளுக்கு ஒரு தூளிக் கட்டில், ஒரு விளக்கு, இரண்டு புத்தகம். பகலில் விவசாயியோடு கூடவே வயலில் வேலை செய்வது. இரவில் அந்த விளக்கைக் கொளுத்தி அதே குடும்பத்துக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது. ஆலைத் தொழிலாளர்களும் பல்லாயிரம் பேர் சம்பளத்தோடு விடுப்புப் பெற்றுப் போனார்கள்.

இது விளையாட்டுக் காரியமாக இருக்கவில்லை. கொன்ராடோ பெனிதேஸ் என்ற பதினெட்டு வயது ஏழை வீட்டுப் பிள்ளை, மலைப் பிரதேசத்தில் பாடம் சொல்லிக் கொண்டிருந்தவர். ஜனவரியிலேயே எதிர்ப்புரட்சிக் கும்பல் அவரைக் கொன்றுவிட்டது. அவர் பெயரையே வாலிபர் படைக்கு வைத்தார்கள். டிசம்பர் 22-ம் தேதி இயக்கம் முடிந்தபோது 7,07,212 பேர் எழுதப் படிக்கக் கற்றிருந்தார்கள். இயக்கம் தொடங்கும் முன் நூற்றில் இருபத்துமூன்று, இருபத்துநான்கு பேர் எழுத்தறியாதவர். முடிந்தபோது நூற்றில் நாலு பேருக்கும் குறைவு.

வாலிபர்களின் உற்சாகம் ஒன்றினால் மட்டும் இது நடந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. சான்டியாகோ நகரத்தில் மொன்காடா என்ற பெரிய ராணுவ முகாம் இருந்தது. 1953-ல் சர்வாதிகாரியை எதிர்த்து வாலிபர்கள் தாக்கினார்களே, அதே முகாம். 1960-லேயே அதைப் பள்ளிக்கூடமாக மாற்றிவிட்டார்கள். உழுகிறவனுக்கு நிலம் கொடுத்தார்கள். ஊருக்குப் பள்ளியும் பள்ளிக்கு ஆசிரியரும் கொடுக்கிற பொறுப்பை சர்க்கார் தன் தலையில் ஏற்றுக் கொண்டது. வாலிபன் ஏற்றி வைத்த விளக்கை அணையாமல் பார்த்துக் கொள்ள ஒரு ஏற்பாடு இருந்தது.

சுவர் எழுந்தது, ஆசிரியர் எங்கே?

இன்னொரு நாட்டைப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் கென்யா. 1963 டிசம்பரில் வெள்ளைக்காரனிடமிருந்து விடுதலை பெற்றது. அங்கே "ஹராம்பே" என்று ஒரு சொல். தேர் வடம் பிடிக்கும்போது எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்கிறோமே, அந்த அர்த்தம்தான்: "சேர்ந்து இழுப்போம்". அந்நாட்டின் தலைவர் கென்யாட்டா அந்தச் சொல்லையே நாட்டுக்குக் கோஷமாகக் கொடுத்தார்.

ஜனங்கள் இழுத்தார்கள், ஐயா! வெள்ளைக்காரன் காலத்தில் தங்கள் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்ட படிப்பு கிடைக்கப் போகிறது என்று கல் சுமந்தார்கள், மண் குழைத்தார்கள், கோழி விற்ற காசையும் கொண்டு வந்து போட்டார்கள். 1970-களின் நடுவில் பார்த்தால், சர்க்கார் நடத்திய உயர்நிலைப் பள்ளிகளைவிட ஜனங்கள் தாங்களே கட்டிய பள்ளிகள் எண்ணிக்கையில் அதிகமாகிவிட்டன.

ஆனால் சுவர் எழுந்த பல ஊர்களில் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. புத்தகம் இல்லை. விஞ்ஞானப் பாடத்துக்குக் கருவிகள் இல்லை. கட்டுவதற்குக் கொடுத்த அதே ஏழைத் தகப்பன், கட்டிய பிறகு சம்பளமும் கட்ட வேண்டியிருந்தது. வசதியுள்ளவன் பிள்ளை சர்க்கார் பள்ளியில். கல் சுமந்தவன் பிள்ளை அரைகுறைப் பள்ளியில். ஜனங்கள் தாமே செய்து கொள்கிறார்கள் என்று தெரிந்தவுடன் பொறுப்பைத் தட்டிக் கழிப்பது ஆட்சியில் இருப்பவர்களுக்குச் சுலபமாகிவிடுகிறது. சிரமதானம் செய்யப் போகும் ஒவ்வொரு வாலிபனும் இந்தக் கென்யாப் பாடத்தை மறக்கக் கூடாது.

நம் ராஜ்யத்தில் ஜனங்கள் செய்தது

இனி நம் ஊருக்கு வருவோம். 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தார். கிராமத்துப் பிள்ளை தினம் ஒரு வேளைதான் பள்ளியில் இருக்க வேண்டும். மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். நெசவாளி மகனுக்குத் தறி, குயவர் மகனுக்குச் சக்கரம், பண்ணையாள் மகனுக்கு மாட்டுக் கயிறு. குலக் கல்வித் திட்டம் என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். சட்டசபைக்கு உள்ளேயும் வெளியேயும் எதிர்ப்பு மூண்டது. 1954-ல் ராஜாஜி விலகினார், காமராஜர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

அதற்குப் பிறகு வந்தது 1956-ல் மதிய உணவு. வயிறு காய்ந்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்று தொடங்கிய அந்தச் சோறு, முதலில் ஊர் ஜனங்கள் கொடுத்த அரிசியிலும் விறகிலும் வெந்த சோறு. 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகள் தொடங்கின. கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதை முன்னின்று நடத்தினார். முதல் மகாநாடு அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் கடம்பத்தூரில் கூடியது. பள்ளிக்கு என்ன குறை என்று ஊராரே பட்டியல் போடுவது. அந்தக் குறையை ஊராரே தீர்க்கக் கை கொடுப்பது. ஒருவர் நிலம் தந்தார், ஒருவர் பெஞ்சு தந்தார், கரும்பலகை, கடிகாரம், பிள்ளைகளுக்குத் துணி என்று இல்லாதவரும் இயன்றதைக் கொண்டு வந்தார்கள். ஊருக்கு ஊர் இந்த மகாநாடு பரவியது.

அந்த ஆட்சியோடு தொழிலாளிகளுக்கும் விவசாயிகளுக்கும் ஆயிரம் சண்டை இருந்தது உண்மை. ஆனாலும் இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஊரார் கொடுத்த சோறு ஊராரோடு நின்றுவிடவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்தது. பிடி அரிசியாகத் தொடங்கியது சர்க்காரின் வரவு செலவுக் கணக்கில் ஏறி, பிள்ளையின் உரிமையாகிவிட்டது. கென்யாவில் பாரம் ஜனங்கள் தலையிலேயே தங்கிவிட்டது. இங்கே சோற்று விஷயத்தில் அந்தப் பாரத்தை சர்க்கார் தலைக்கு மாற்றினோம்.

வாலிபர்கள் செய்த இன்னொரு காரியமும் உண்டு. 1990 பிப்ரவரியில் கேரளத்தில் எர்ணாகுளம் ஜில்லா முழு எழுத்தறிவு பெற்றது. அடுத்த வருஷம் நம் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் மூண்டெழுந்தது. கலெக்டராக இருந்த ஷீலாராணி சுங்கத்தும், அறிவியல் இயக்கத்தாரும், ஆயிரக்கணக்கான ஊதியமில்லாத வாலிபர்களும் சேர்ந்து நடத்தினார்கள். கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள் எழுத்துக் கற்றார்கள். குவாரிக் குத்தகையைத் தங்கள் குழுக்களின் பெயரிலேயே எடுத்தார்கள். பெண்கள் ஊர் ஊராக சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற தைரியம் அந்த சைக்கிளோடு வந்தது. எழுத்துக் கற்றவர் கைக்கு அடுத்த புத்தகம் வந்து சேராத இடங்களில் கற்றது மறந்து போனதும் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

நேற்று நடந்தது போல இருக்கிறது: 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்தது 2021 நவம்பரில்தான். எழுத்தை மறந்த பிள்ளைகளுக்காக "இல்லம் தேடிக் கல்வி" என்று சர்க்கார் தொடங்கியபோது, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத் தொகைக்கு மாலை வகுப்பு எடுக்க லட்சக்கணக்கில் முன்வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தெருப் பெண்கள், நம் தங்கைகள். ஆள் இல்லை, மனசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை

இப்போது சேவூருக்கு வருவோம். ஆரணிப் பட்டு என்றால் நாடெங்கும் பெயர். புவிசார் குறியீடும் பெற்றாகிவிட்டது. ஆரணி அரிசிக்கும் அதே பெயர். பட்டு நெய்தவன் வீட்டிலும், அரிசி விளைவித்தவன் வீட்டிலும் பிள்ளை எந்த வகுப்பில் நின்று போகிறது என்பதுதான் நம் கேள்வி.

நெசவாளித் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்வைச் சேலை போடும்போது ஒரு ஆள் கை போதாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கி விட இன்னொரு கை வேண்டும். அந்தக் கை வெகு காலம் யாருடைய கையாக இருந்தது? காஞ்சிபுரத்திலும் இந்தப் பக்கத்திலும் சின்னப் பிள்ளையின் கையாக இருந்தது. பாவு கொடுக்கும் முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளையைத் தறியில் உட்கார வைத்த காலத்தை இங்கே உள்ள பெரியவர்கள் அறிவார்கள். போராட்டங்களாலும், சட்டத்தாலும், பல நல்லவர்களின் உழைப்பாலும் அது குறைந்திருக்கிறது. அடியோடு போய்விட்டதா? தார் சுற்றவும், மல்லாட்டை பிடுங்கவும், களை எடுக்கும் பருவத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக் கொள்ளவும் பள்ளியிலிருந்து நிறுத்தப்படும் பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று நம்மில் யாராவது நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா?

ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்பது 2010 ஏப்ரல் முதல் சட்டம். அரசியல் சட்டம் அமுலுக்கு வந்து பத்து வருஷத்தில், 1960-க்குள், செய்வோம் என்று சொன்ன காரியம் சட்டமாக வரவே அறுபது வருஷம் ஆயிற்று. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று முன்வாசலைச் சாத்தினார்கள். ஆபத்தில்லாத குடும்பத் தொழிலாக இருந்தால் பள்ளி நேரம் போக உதவி செய்யலாம் என்று கொல்லைக் கதவைத் திறந்து வைத்தார்கள். 1953-ல் விரட்டிய குலக் கல்வி அந்தக் கதவு வழியாக எட்டிப் பார்க்காமல் காவல் இருக்க வேண்டியது நம் வேலை.

"எல்லாம் சரி, பிள்ளையை அனுப்பிவிட்டால் தறிக்குக் கை கொடுப்பது யார்? அந்தக் கூலியைக் கொடுப்பது யார்?" என்று ஒரு நெசவாளித் தகப்பன் கேட்டால் அவரை யாரும் திட்ட வேண்டாம். நியாயமான கேள்வி. உதவி ஆள் இல்லாமல் சேலை நகராது. உதவி ஆளுக்குக் கொடுத்தால் அவர் வீட்டில் உலை கொதிக்காது. ஆகவே சேலைக்குக் கூலி பேசும்போது உதவி ஆளின் கூலியும், வயது வந்தவருக்கு உரிய கூலியாக, அதில் சேர்ந்தே ஆக வேண்டும். கூட்டுறவுச் சங்கமானாலும் சரி, தனி முதலாளியானாலும் சரி, இந்தக் கோரிக்கையை வைக்க வேண்டும். கழனி வேலையிலும் அப்படியே: தாய்க்கு வயிறு நிரம்பும் கூலி கிடைத்தால்தான் மகள் கையில் புத்தகம் நிற்கும். கூலிக்கான போராட்டத்தையும் பள்ளிக்கூடம் கட்டும் வேலையையும் இரண்டாகப் பிரிக்கிறவன் இரண்டிலும் தோற்பான்.

வாலிபர்கள் செய்ய வேண்டியது

சரி, வாலிபர்கள் நாளைக் காலையில் என்ன செய்வது? நான்கு வேலை சொல்கிறோம்.

முதலாவது, கணக்கு. தெருவுக்கு இரண்டு பேர், ஒரு பையன் ஒரு பெண், வீடு வீடாகப் போங்கள். ஆறிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளை எத்தனை, பள்ளிக்குப் போவது எத்தனை, போகாதது எத்தனை, ஏன் போகவில்லை என்று நோட்டில் எழுதுங்கள். சேரி, குடியிருப்பு, ஊர்க்கோடிக் குடிசை எதையும் விடக் கூடாது. போலீசுக்காரன் மாதிரி விசாரிக்காதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து, வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, மாலை வகுப்பு. படித்த வாலிபர்கள் வாரத்தில் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். பள்ளியில் பின்தங்கிய பிள்ளைக்குக் கணக்கும் வாசிப்பும் சொல்லிக் கொடுங்கள். பள்ளியையே விட்டுவிட்ட பிள்ளை வந்தால் உங்களிடமே வைத்துக் கொள்ளாதீர்கள். கையைப் பிடித்துக் கொண்டு போய் அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துவிட்டு வாருங்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மாலை வகுப்பு பள்ளிக்குப் பதில் ஆகக் கூடாது.

மூன்றாவது, கை வேலை. சுண்ணாம்பு அடிப்பது, மரக்கன்று வைப்பது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, ஓட்டை உடைசலைச் சரி செய்வது, இதெல்லாம் தலைமையாசிரியரைக் கேட்டுக் கொண்டு தாராளமாகச் செய்யுங்கள். அடித்தள வேலை, கூரை வேலை, மின்சார வேலை ஆகியவற்றை, தெரிந்த கொத்தனார் கூட இல்லாமல் தொடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து இரண்டு வாரத்துக்கு வந்து செங்கல் அடுக்கிப் படம் எடுத்துக் கொண்டு போகிறவர்களின் சுவரை ஊர்க் கொத்தனார் பிரித்துக் கட்ட வேண்டி வருவதுண்டு. பிள்ளைகள் தலைக்கு மேல் இருக்கப் போகும் கூரை அது. செய்த வேலையை நோட்டில் எழுதுங்கள். செய்ய முடியாத வேலையையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நான்காவது, அந்த இரண்டாவது பட்டியலோடு சர்க்காரின் கதவைத் தட்டுவது. தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளை வரைக்கும் இரண்டு ஆசிரியர், அதற்கு மேல் நூற்றிருபது பிள்ளை வரைக்கும் முப்பது பிள்ளைக்கு ஒருவர் என்ற கணக்குச் சட்டத்தில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று இருக்கிறது. அந்தக் குழுவில் உட்கார வேண்டியவர் நெசவாளியின் மனைவியும் விவசாயத் தொழிலாளியின் மனைவியும். கூலி போய்விடும் என்று அவர்கள் வராமல் இருந்தால் அங்கே வேறு யாராவது பேசுவார்கள். தறிக்கு ஓய்வு விடுகிற அமாவாசை நாளில், கழனி வேலை முடிந்த மாலை வேளையில், கூட்டத்தை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆசிரியர் காலியிடமா, கழிப்பிடம் இல்லையா, தீர்மானம் போட்டு, கையெழுத்து வாங்கி, கல்வி அதிகாரியிடமும் பஞ்சாயத்திடமும் கொடுங்கள். பதில் வராவிட்டால் எல்லோரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் போவது அவர்கள் மேல் குற்றம் கண்டுபிடிக்க இல்லை. ஒரே ஆசிரியர் பல வகுப்பைக் கட்டி மேய்க்கும் பள்ளிகள் உண்டு. அவரும் உழைப்பாளிதான். நாம் கேட்பது அவருக்குத் துணையாக இன்னொரு நிரந்தர ஆசிரியர். ஊதியமில்லாத வாலிபனைக் காட்டி அந்த இடத்தை நிரப்பிவிட்டோம் என்று எவரும் கணக்குக் காட்ட நாம் இடம் கொடுக்கக் கூடாது.

தோழர்களே! இந்த ஊர்க் கைகள் தலைமயிரைவிட மெல்லிய இழையை அறுபடாமல் சேர்க்கத் தெரிந்த கைகள். சேற்றில் நாற்றை நிமிர்த்தி நிறுத்தத் தெரிந்த கைகள். ஒரு பள்ளியைத் தூக்கி நிறுத்த இந்தக் கைகளுக்கா தெரியாது? வேண்டியது ஒற்றுமை. முதலியார் தெரு, காலனித் தெரு என்று பிரிந்து நின்றால் ஒரு கரும்பலகைகூட வராது.

கூட்டம் கலையும் முன் தெருவுக்கு இரண்டு பேர் தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். கணக்கெடுக்க நோட்டும் பென்சிலும் இங்கேயே இருக்கின்றன. வருகிற அமாவாசையன்று காலையில் அந்த நோட்டுகளோடு இதே இடத்தில் மீண்டும் கூடுவோம். பள்ளிக்குப் போகாத முதல் பிள்ளையின் பெயரைப் படித்து, அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்தே வேலையைத் தொடங்குவோம்.